காலவழு: நிகழ்நேர முறைமைகளும் வலையமைப்பு அட்டைச் செலுத்தியும்

தமிழ் இலக்கண நூலார் வழுவை ஏழு வகையாகப் பகுத்துக் கூறுவர். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்பன பற்றி நிகழ்வன அவை. ‘நாளை வந்தான்’ என்பது காலவழு என்று கீழ்வகுப்பு மாணவனும் அறிவான். அங்கே எழுத்துப் பிழை யாதும் இல்லை. சொற்களைத் தனித்தனியே நோக்குமிடத்து அவையும் குற்றமற்றவை. காலம் பொருந்தாமை ஒன்றினாலேயே வாக்கியம் வழுப்பட்டது. கணினித் துறையினரும் தம் நிரல்களிற் காணப்படும் குற்றத்துக்கு ‘வழு’ என்னும் சொல்லையே வழங்குகின்றனர். இச்சொல்லாட்சி மிகப் பொருத்தமானது என்பது என் கருத்து. ஏனெனில் கணினி வழுக்களுள்ளும் காலவழு என ஒன்று உண்டு. தேடிப் பிடித்தற்கு மிக அரியதும் அதுவே. அத்தகைய வழு மிகுதியாகக் குடிகொள்ளும் இடங்களுள் ஒன்று வலையமைப்பு அட்டையின் செலுத்தி. அங்கு வழு எவ்வாறு பிறக்கின்றது, எவ்வாறு தேடப்படுகின்றது என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண், நிகழ்நேர முறைமை என்பது யாது? மிக விரைவாக இயங்குவதே நிகழ்நேர முறைமை என்று பலர் கருதுகின்றனர். அது தவறு. பரீட்சை மண்டபத்தை நினைத்துக் கொள்க. மணி அடித்த பின் எழுதிய விடை எத்துணைச் சிறந்ததாயினும் அதற்குப் புள்ளி இல்லை. மூன்று மணித்தியாலம் என்பது குறுகிய காலமன்று. ஆயின் அது மீறலாகாத எல்லை. அவ்வாறே நிகழ்நேர முறைமையிலும் விடை சரியாயிருத்தல் மட்டும் போதாது. குறித்த எல்லைக்குள் வந்து சேர்தலும் விடையின் ஒரு பகுதியாகும். ஒரு செக்கனுக்குள் விடை தரவேண்டிய முறைமை ஒவ்வொரு தடவையும் 900 மில்லிசெக்கனில் விடை தருமாயின் அது நல்ல முறைமை. ஆயிரம் தடவையுள் 999 தடவை ஒரு மில்லிசெக்கனிலும் எஞ்சிய ஒரு தடவை இரண்டு செக்கனிலும் விடை தருவது, சராசரியில் எவ்வளவோ விரைவானதாயினும், கைவிடத்தக்கது. சராசரி என்னும் கணக்கு இத்துறையில் ஆளை ஏமாற்றும்.

இலக்கணத்திலே வழுவமைதி என்றும் ஒன்று உண்டன்றோ? புறப்படாதிருப்பவன் ‘இதோ வந்துவிட்டேன்’ என்றால், விரைவு பற்றி வந்த காலவழுவமைதி என்று ஏற்றுக்கொள்கின்றோம். தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசும்போது படம் கணநேரம் தடுமாறுதல் இவ்வமைதி போல்வது, பொறுத்துக்கொள்ளலாம். தொழிற்சாலையில் இயந்திரக் கையை நிறுத்தும் கட்டளை தடுமாறுமாயின் அங்கே அமைதி கூற இடமில்லை.

இனி அட்டையையும் செலுத்தியையும் நோக்குவோம். கம்பி வழியே வரும் தரவுப் பொதிகளை வாங்கிக் கணினிக்குக் கொடுப்பதும், கணினி கொடுப்பவற்றைக் கம்பியிலே செலுத்துவதும் அட்டையின் வேலை. பணிசெயல் முறைமையின் கருவோடு ஒன்றி நின்று அந்த அட்டையோடு உரையாடும் நிரலே செலுத்தி. பொதி ஒன்று வந்ததும் அட்டை அதனை நினைவகத்திலே தானே எழுதிவிட்டு, ‘குறுக்கீடு’ எனப்படும் சைகையை முறைவழியாக்கிக்கு அனுப்பும். முறைவழியாக்கி தான் செய்துகொண்டிருந்த வேலையை அந்த இடத்திலேயே நிறுத்தி, செலுத்தியின் சிறு பகுதியொன்றை இயக்கிவிட்டு, விட்ட வேலைக்கு மீளும். ஏற்பாடு எளிதாகவே தோன்றுகின்றது. ஆனால் ஒரு செக்கனில் 100 கோடி பிற்று செல்லும் ஈதர்நெற் கம்பியிலே மிகச் சிறிய பொதிகள் இடைவிடாது வருமாயின், செக்கனுக்கு ஏறத்தாழ 14 இலட்சத்து 88 ஆயிரம் பொதிகள் வந்து சேரும். ஒரு பொதிக்கும் அடுத்த பொதிக்கும் இடையில் ஒரு மைக்கிரோசெக்கன்கூட இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு குறுக்கீடு என்றால் முறைவழியாக்கியின் கதி யாது?

ஒருகொடவத்தைச் சந்தியிலே மாலை வேளையில் நின்றவர்க்கு இதனை விளக்குதல் எளிது. துறைமுகத்திலிருந்து கொள்கலன் ஏற்றிய ஊர்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து பேஸ்லைன் வீதியை நிறைக்கும். அருகே ஒரு களஞ்சியம் இருப்பதாகவும், அங்கே ஒரேயொரு எழுதுவினைஞர் இருப்பதாகவும் கற்பனை செய்வோம். வாயிலுக்கு வந்து ஒலியெழுப்பும் ஊர்திக்கு உடனே எழுந்து சென்று சீட்டு எழுதிக் கொடுக்கவேண்டும் என்பது அவருக்கு இடப்பட்ட கட்டளை. சீட்டுப் பெற்ற ஊர்தியிலுள்ள பொருளை உள்ளே இறக்கவேண்டியவரும் அவரே. ஊர்திகள் குறைவாயிருக்கும்வரை வேலை ஒழுங்காக நடைபெறும். அவை மிகுந்தால் அவர் வாயிலிலேயே நின்று சீட்டு எழுதிக்கொண்டிருப்பார்; ஒரு பொதியேனும் இறங்காது. களத்திலே இடம் இன்மையால், சீட்டுப் பெற்ற ஊர்திகளையும் திருப்பி அனுப்ப நேரும். மனிதர் ஓயாது உழைக்கின்றார். வேலையோ சிறிதும் நடந்திலது.

இது வெறுங் கற்பனையன்று. ஜெஃப்ரி மோகல் என்பாரும் கே. கே. இராமகிருஷ்ணன் என்பாரும் இந்நிலையை ஆராய்ந்து 1996 இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பின்னவர் பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்திற் பயின்று அமெரிக்கா சென்றவர். இருவரும் அந்நாளில் டிஜிற்றல் நிறுவனத்தின் யுனிக்ஸ் முறைமையிலே சோதனை செய்தனர். வரும் பொதிகளின் தொகை ஏற ஏற, ஓர் எல்லைவரை வெளிச்செல்லும் தொகையும் ஏறிற்று. அவ்வெல்லைக்கப்பால் அது குறையத் தொடங்கி, இறுதியில் ஒன்றும் வெளிச்செல்லாத நிலை வந்தது. முறைவழியாக்கி முழு மூச்சாகக் குறுக்கீடுகளுக்கு விடையிறுத்துக் கொண்டிருந்தமையே காரணம். இதனை வரவுத் திணறல் எனலாம். முதற் குறுக்கீடு வந்தவுடன் மேலும் குறுக்கீடு வாராதபடி அடைத்துவிட்டு, முறைவழியாக்கி தனக்கு வாய்ப்பான வேளையிற் சென்று, காத்திருக்கும் பொதிகளை அளவாக எடுத்துவருதல் அவர்கள் கண்ட பரிகாரங்களுள் ஒன்று. லினக்சு என்னும் பணிசெயல் முறைமையிலே இம்முறை ‘நாப்பி’ என்னும் பெயரால் அமைந்து, 2001 இல் சலீம், ஒல்சன், குஸ்னெற்சொவ் ஆகிய மூவரால் ஒரு கட்டுரையில் விளக்கப்பட்டது. ஒரு முறை செல்லும்போது ஓர் அட்டையிலிருந்து எடுக்கும் பொதிகள் வழக்கமாக 64 இற்கு மேற்படா. எழுதுவினைஞருக்கு வாயிற்கதவை மூடும் உரிமை கொடுத்தமை போன்றது இது.

ஆனால் பொதிகளின் தொகைக்கு நன்மை செய்வது நேரத்துக்கும் நன்மை செய்யும் என்று கொள்ளலாகாது. இன்றைய அட்டைகள் பல, பொதி வந்தவுடன் குறுக்கீட்டை அனுப்பாது, சிறிது காத்திருந்து, பல பொதிகளுக்குச் சேர்த்து ஒரே குறுக்கீட்டை அனுப்புகின்றன. செக்கனுக்கு 8000 குறுக்கீடுகளே அனுப்பலாம் என அட்டைக்கு வரையறுத்தால், ஒரு பொதி 125 மைக்கிரோசெக்கன் வரை வாளா கிடக்கக்கூடும். கோப்பு ஒன்றை இறக்கிக்கொள்பவருக்கு அது ஒரு பொருட்டன்று. மில்லிசெக்கனுக்கு ஒரு கட்டளை பெறவேண்டிய இயந்திரத்துக்கோ தன் காலத்தில் எட்டிலொரு பங்கு தொலைந்தது. நிகழ்நேர வேலையிலே அட்டைத் தாமதம் என்று முறையிடப்படுவனவற்றுள் சில இந்த ஒரு வரையறையை மாற்றுவதனாலேயே தீர்ந்துவிடும். வழு என்று தேடப்பட்டது, பிறிதொரு நோக்கத்துக்காக வேண்டுமென்றே வைத்த ஒழுங்காய் முடியும். ஆதலின் தேடுவோன் முதலில் இதனைப் பார்த்துவிடுதல் நன்று.

இன்னும் நுட்பமான வகை ஒன்று உண்டு. செலுத்தி, அட்டையின் பதிவகங்களில் எழுதும்போது அவ்வெழுத்துகள் உடனே அட்டையைச் சென்றடைவதில்லை. இடைவழியிலே வரிசையாய் நிற்கும். அடுத்து ஒரு பதிவகத்தை வாசிக்கப் புகுந்தால், முன் எழுதியன யாவும் சென்றடையும்வரை முறைவழியாக்கி அசையாது நிற்றல் வேண்டும். நூற்றுக்கு மேற்பட்ட எழுத்துகளை ஒரே மூச்சில் அனுப்பிவிட்டு ஒன்றை வாசிக்கும் செலுத்தி, தான் நிற்பதோடு அமையாது, தன்னினும் முதன்மையான வேலையையும் நிறுத்திவிடுகின்றது. நிரலை எத்தனை முறை வாசித்தாலும் இது கண்ணுக்குப் புலனாகாது. ஒவ்வொரு வரியும் குற்றமற்றதாகவே காணப்படும். அளந்தாலன்றி அறிய முடியாது.

முதன்மை என்னும் சொல் வந்தமையால், பலரும் எடுத்துக்காட்டும் ஒரு நிகழ்ச்சியை இங்கே கூறவேண்டும். 1997 யூலை 4 ஆம் நாள் ‘பாத்ஃபைண்டர்’ என்னும் அமெரிக்க விண்கலம் செவ்வாயில் இறங்கிற்று. சில நாளில் அதன் கணினி இடையிடையே தன்னைத் தானே நிறுத்தி மீளத் தொடங்கலாயிற்று. கலத்தின் கருவிகளை இணைத்த தரவு வழியைக் கவனிக்கும் வேலைக்கு மிக உயர்ந்த முன்னுரிமை கொடுக்கப்பட்டிருந்தது. வானிலைத் தரவு திரட்டும் வேலைக்குத் தாழ்ந்த முன்னுரிமை. இரண்டும் ஒரே பூட்டைப் பயன்படுத்தின. தாழ்ந்தது பூட்டை வைத்திருக்கும் வேளையில், பூட்டோடு தொடர்பே இல்லாத நடுத்தர வேலைகள் வந்து அதனைத் தள்ளிவிட்டுத் தாம் ஓடின. பூட்டு விடுபடவில்லை, உயர்ந்தது காத்து நின்றது. உரிய நேரத்துள் அது முடியாமை கண்ட காவல் நிரல், பெரும்பிழை நேர்ந்ததென்று கருதிக் கணினியை மீளத் தொடக்கிற்று. பூவுலகில் இருந்த மாதிரிக் கலத்தில், நிகழ்ச்சிகளின் சுவடு பதிக்கும் வசதியைத் திறந்து வைத்து, அதே நிலையை உண்டாக்கிக் காரணத்தைக் கண்டனர். பூட்டை வைத்திருக்கும் தாழ்ந்த வேலைக்கு, காத்திருக்கும் உயர்ந்த வேலையின் முன்னுரிமையைத் தற்காலிகமாகக் கொடுக்கும் ஏற்பாடு அந்தப் பணிசெயல் முறைமையிலேயே இருந்தது. அந்தப் பூட்டுக்கு மட்டும் அது அடைக்கப்பட்டிருந்தது. திருத்தம் புவியிலிருந்து அனுப்பப்பட்டது. நாம் கருத்திற் கொள்ளவேண்டியது வேறொன்று. புறப்படுமுன் நடத்திய சோதனைகளிலும் இம்மீள்தொடக்கம் தலைகாட்டியது. மீண்டும் வரவழைக்க இயலாமையால் அது விடப்பட்டது. ஒரு முறை தோன்றி மறைந்த காலவழுவை, ‘இயந்திரக் கோளாறாயிருக்கும்’ என்று தள்ளிவிடுதல் எவருக்கும் எளிது.

இனித் தேடும் முறைக்கு வருவோம். நிரல் கற்கும் மாணவன் முதலிற் கையாளும் உபாயம், ஐயத்துக்குரிய இடத்திலே ஒரு வரியைச் சேர்த்து, ‘இவ்விடம் வந்தேன், மதிப்பு இவ்வளவு’ என்று அச்சிடச் செய்வதாகும். மதிப்பிலே பிழை இருப்பின் அது காட்டிக் கொடுக்கும். காலத்திலே பிழை இருப்பின் அதுவே பொய் சொல்லும். 80 எழுத்துகள் கொண்ட ஒரு வரியைத் தொடர்வழியூடாகச் செக்கனுக்கு 1,15,200 பிற்று வீதம் அனுப்ப, எழுத்தொன்றுக்கு 10 பிற்றாக, ஏறத்தாழ 7 மில்லிசெக்கன் செல்லும். ஒரு மில்லிசெக்கன் எல்லையுடைய முறைமையிலே அந்த ஒரு வரி ஏழு எல்லைகளை விழுங்கிவிடும். பிழையைப் பார்க்கப் போனவன் புதிய பிழையைக் கொண்டுசென்றான். அன்றேல் பழையதை மறைத்தான்.

மறைத்தலை நானே கண்டிருக்கின்றேன். சில ஆண்டுகளின் முன் எங்கள் உயர்தர வகுப்பு மாணவர் சிலர், வலையமைப்பின் வழியே கட்டளை பெற்று மணியடிக்கும் சிறு பொறியொன்றைச் செய்தனர். பத்துத் தடவைக்கு ஒரு தடவை அது பேசாதிருந்தது. நான் ஓர் அச்சு வரியைச் சேர்த்தேன், பிழை மறைந்தது. வரியை எடுத்தேன், மீண்டும் வந்தது. வரியை அப்படியே விட்டுவிட்டால் என்ன என்று ஒரு மாணவன் கேட்டான். அவ்வாறு விட்டுவிடும் பெரியோரும் உளர். பொதி முழுவதும் வந்து சேருமுன்னரே எங்கள் நிரல் அதனை வாசித்துவிட்டது என்பதும், அச்சிடும் வேளையில் எஞ்சிய பகுதி வந்து சேர்ந்தமையால் பிழை மறைந்தது என்பதும் இரண்டு நாள் கழித்தே தெளிவாயின.

ஆதலின் நிகழ்நேரத் துறையினர் அச்சிடுதலை விட்டு, சுவடு பதித்தலை மேற்கொண்டனர். நிகழ்ச்சியையும் நேரத்தையும் மிகச் சுருக்கமாக நினைவகத்திலே குறித்து வைத்து, வேலை முடிந்தபின் வாசிப்பது இம்முறை. லினக்சின் கருவை நிகழ்நேரத்துக்கு ஏற்றதாக்க முனைந்தோர், தாமதம் எங்கே விளைகின்றது என்று அறிதற்பொருட்டு ஒரு சுவடு பதிப்பியை வைத்திருந்தனர். அதன் வழித்தோன்றலாக ஸ்டீவன் ரொஸ்ரெட் உருவாக்கிய ‘எஃப்-ட்ரேஸ்’ என்பது 2008 இல், 2.6.27 ஆம் பதிப்பிலே பொதுக் கருவினுட் சேர்க்கப்பட்டது. அதனோடு பிணைந்ததே இத்துறையில் நான் அறிந்தவற்றுள் மிகச் சுவையான வழுத்தேட்டம்.

அவ்வாண்டு அப்பதிப்பின் முன்னோட்டங்களை ஓட்டிப் பார்த்தோர் சிலரின் கணினிகளிலே, இன்ரெல் நிறுவனத்தின் ஒருவகை வலையமைப்பு அட்டைகள் செயலற்றுப் போயின. கணினியை அணைத்து மீளத் தொடக்கியும் பயனில்லை. பழைய பதிப்புக்கு மீண்டும் பயனில்லை. அட்டைக்குரிய அழியா நினைவகத்திலே பதிந்திருந்த தரவுகளே சிதைந்துபோயிருந்தன. அந்த அட்டையின் செலுத்திக்கு ‘ஈ-1000-ஈ’ என்று பெயர். அழிந்தது அதன் அட்டை. ஆகவே ஐயம் முழுவதும் அச்செலுத்தி மீதே வீழ்ந்தது. வேறெவர் மீது வீழும்?

தேடுதலோ மிக இடர்ப்பாடானது. இத்தகைய வழுக்களுக்கு வழக்கமாகக் கையாளும் முறை, நல்ல பதிப்புக்கும் கெட்ட பதிப்புக்கும் இடையேயுள்ள மாற்றங்களைப் பாதி பாதியாகப் பகுத்துச் சோதித்தலாகும். ஆயிரம் மாற்றங்களாயினும் பத்துச் சோதனையிற் குற்றவாளி அகப்படும். ஆனால் இங்கே வழுத் தோன்றும் ஒவ்வொரு சோதனையும் ஓர் அட்டையைக் கொன்றுவிடும். மேலும் அது ஒவ்வொரு தடவையும் தோன்றுவதுமில்லை. தோன்றாமை கொண்டு ‘இப்பதிப்பு நல்லது’ என்று துணியவும் இயலாது. சோதிக்கப் புகுவோர் அட்டை நினைவகத்தின் பிரதியொன்றை முன்னரே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

இறுதியிலே குற்றவாளி செலுத்தியன்று, எஃப்-ட்ரேசே என்பது புலனாயிற்று. நடந்தது இது: கருவிலுள்ள நிரற்பகுதி ஒவ்வொன்றின் தலைப்பிலும் சுவடு பதிப்பியை அழைக்கும் ஒரு கட்டளை இடப்பட்டிருந்தது. அது முதன்முறை இயங்கும்போது அவ்விடத்தின் முகவரி ஒரு பட்டியலிற் குறிக்கப்படும். பின்னணியிலே செக்கனுக்கு ஒரு முறை விழிக்கும் வேலையாள் ஒருவன் பட்டியலிலுள்ள முகவரிகளுக்குச் சென்று, சுவடு வேண்டாத வேளையில் நேரம் வீணாகாதபடி, அவ்வழைப்பை வெறுங் கட்டளையாக மாற்றிவிடுவான். ஆனால் செலுத்திகள் தொடங்கும்போது மட்டும் பயன்படும் நிரற்பகுதிகள் சில, வேலை முடிந்ததும் நினைவகத்திலிருந்து அகற்றப்படும். முகவரி பட்டியலில் நிற்க, அங்கே குடியிருந்த நிரல் வெளியேறிவிட்டது. 32 பிற்றுக் கணினியிலே, அவ்வாறு வெறுமையான முகவரி, அட்டையின் அழியா நினைவகத்தை அணுகும் வாயிலாக ஈ-1000-ஈ செலுத்திக்குக் கொடுக்கப்படக்கூடும். வீடு கைமாறியதை அறியாத வேலையாள் பழைய பட்டியலோடு அங்கே சென்றான்.

அவனும் எச்சரிக்கையற்றவன் அல்லன். ‘இங்கே நான் எதிர்பார்த்த கட்டளை இருந்தால் மாற்றுக, இல்லையேல் விட்டுவிடுக’ என்னும் ஒப்பிட்டு மாற்றும் கட்டளையையே அவன் பயன்படுத்தினான். சாதாரண நினைவகத்தில் அது தீங்கற்றது. ஆனால் அக்கட்டளை, ஒப்பீடு பொருந்தாவிடினும், வாசித்த மதிப்பையே மீண்டும் எழுதும் இயல்பினது. நினைவகத்தில் உள்ளதையே உள்ளபடி எழுதுதலால் கேடு இல்லை. சாதனத்தின் வாயிலிலே எழுதுதல் என்பது எதை எழுதினும் ஒரு செயலாகும். அட்டை அதனைத் தனக்கு இடப்பட்ட ஆணையாகக் கொண்டது. நிகழ்ச்சிகளின் ஒழுங்கு ஒரு செக்கன் முன்பின்னாக அமைந்திருப்பின் யாதும் நேர்ந்திராது. காலவழு என்பதற்கு இதனினும் தெளிந்த உதாரணம் வேண்டுமோ?

தாமதத்தை அளக்கும் பொருட்டுப் பிறந்த கருவி, அளக்கப்படவேண்டிய அட்டையையே அழித்தது. அளவுகோலை எவரும் முதலில் ஐயுறுவதில்லை. பரீட்சை மண்டபத்திலே பிள்ளை பிந்திவிட்டான் என்று கூறுமுன் சுவரிலுள்ள மணிக்கூடு சரியா என்று பார்ப்பவர் எம்மிற் சிலரே.

2.6.27 ஆம் பதிப்பு 2008 ஒற்றோபர் 9 ஆம் நாள் வெளிவந்தது. ஒற்றோபர் 15 ஆம் நாள் வந்த 2.6.27.1 இல் எஃப்-ட்ரேசின் அப்பகுதி அடைக்கப்பட்டது. ரொஸ்ரெட் அதனை வேறு வகையாக எழுதினார்: முகவரிகளை ஓடும்போது குறித்தலை விடுத்து, நிரலைத் தொகுக்கும்போதே குறித்து வைத்தலும், நிரற்பகுதி அகலும்போது அதன் முகவரிகளையும் அகற்றுதலும் புதிய முறையாயின. அவ்வாறு திருந்திய எஃப்-ட்ரேசையே இன்றும் செலுத்திகளின் தாமதத்தைத் தேடுவோர் முதற்கருவியாகக் கொள்கின்றனர். அதனைப் பெற்றெடுத்த நிகழ்நேர முயற்சியும், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தனித்து வளர்ந்தபின், 2024 நவெம்பர் 17 ஆம் நாள் வெளிவந்த 6.12 ஆம் பதிப்பிலே பொதுக் கருவோடு கலந்தது. அங்கே குறுக்கீட்டுக்கு விடையிறுக்கும் செலுத்திப் பகுதியும் ஏனைய வேலைகளைப் போல முன்னுரிமைக்கு உட்பட்டு வரிசையில் நிற்கும். பூட்டை வைத்திருப்பவனுக்குக் காத்திருப்பவனின் முன்னுரிமையும் கிடைக்கும்.

ஈ-1000-ஈ செலுத்தியைப் பொறுத்தவரை, குற்றவாளி அகப்படுமுன்னரே அதனைத் திருத்தத் தொடங்கிவிட்டனர். தொடக்கத்திலேயே அட்டையின் அழியா நினைவகத்தை எழுத முடியாதபடி பூட்டிவிடும் ஏற்பாடு அதிற் சேர்க்கப்பட்டது. பின்னர் அது குற்றமற்றது எனத் தெளிந்தும் அப்பூட்டு எடுக்கப்படவில்லை. அதனைத் திறக்க விரும்புவோருக்கு ஒரு தெரிவு உண்டு. அத்தெரிவின் அருகே, இதனைத் திறந்தால் நினைவகம் சிதையக்கூடும் என்னும் எச்சரிக்கையும் எழுதப்பட்டிருக்கின்றது.